கனநீரிலிருந்து ஹைட்ரஜன் வரை: ஹோமி பாபா விட்டுச்சென்ற பாதை

இந்திய அணுசக்தித் திட்டத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஹோமி ஜஹாங்கீர் பாபா, மின்சார உற்பத்தியை மனத்தில் கொண்டே அணு உலைகளைத் திட்டமிட்டார். அவர் பெயரைத் தாங்கி நிற்கும் மும்பை டிராம்பே ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள், அணு உலையின் வெப்பத்தைக் கொண்டு தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எரிபொருளைப் பிரித்தெடுக்கும் ஆய்வில் இப்போது ஈடுபட்டுள்ளனர். ஹைட்ரஜன் எரிபொருளுக்கென்று பாபா தனியாக ஒரு திட்டத்தை எழுதி வைத்துவிட்டுச் செல்லவில்லை. ஆயினும் அந்தத் தனிமம் அவரது பணிகளில் மீண்டும் மீண்டும் இடம்பெற்றது. நாட்டின் எரிசக்தித் தேவையை இறக்குமதியை நம்பாமல் நிறைவு செய்வது எப்படி என்று அவர் எழுப்பிய கேள்வியே இன்றைய ஹைட்ரஜன் ஆய்வுக்கும் அடிப்படையாக உள்ளது.

பிறப்பும் கல்வியும்

1909-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி, பம்பாயில் வசதி படைத்த பார்சி குடும்பம் ஒன்றில் பாபா பிறந்தார். தந்தை ஜஹாங்கீர் ஹோர்முஸ்ஜி பாபா வழக்கறிஞர். பாட்டனார் மைசூர் சமஸ்தானத்தின் கல்வித் துறையில் உயர் பொறுப்பு வகித்தவர். தந்தையின் சகோதரி மெஹர்பாய், தொழிலதிபர் சர் தொராப்ஜி டாடாவின் துணைவியார். ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையும் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீர்மின் திட்டங்களும் உருப்பெற்ற காலம் அது. ஆலைகள், அணைகள், மின்சாரம் பற்றிய பேச்சு அந்த உறவினர் வீட்டில் அன்றாட நிகழ்வாக இருந்தது. ஒரு நாடு தொழில்மயமாவதற்கு எரிசக்தியே முதல் தேவை என்ற எண்ணம் சிறுவனாக இருந்தபோதே அவருக்கு அறிமுகமாயிற்று.

கதீட்ரல் மற்றும் ஜான் கானன் பள்ளி, எல்ஃபின்ஸ்டன் கல்லூரி, ராயல் அறிவியல் நிறுவனம் ஆகியவற்றில் பயின்ற பின், 1927-ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மகன் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு ஜாம்ஷெட்பூர் ஆலையில் பணியாற்ற வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். பாபாவின் மனமோ இயற்பியலை நாடியது. பொறியியலில் முதல் வகுப்பில் தேறினால் கணிதமும் இயற்பியலும் படிக்கப் பணம் அனுப்புவதாகத் தந்தை உறுதியளித்தார். 1930-இல் பொறியியலிலும், 1932-இல் கணிதத்திலும் அவர் முதல் வகுப்பில் தேறினார். விருப்பமின்றிப் படித்த பொறியியல் பின்னாளில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது. கோட்பாட்டு இயற்பியலாளர்களிடம் அரிதாகவே காணப்படும் ஆலை அறிவும் கட்டுமான அறிவும் அவரிடம் ஒருங்கே அமைந்தன.

1935-இல் முனைவர் பட்டம் பெற்றார். எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதிச் சிதறும் விதத்தை அவர் கணக்கிட்டுக் காட்டிய முறை, இன்றும் பாபா சிதறல் என்ற பெயரிலேயே பாடநூல்களில் இடம்பெறுகிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் துகள்களைப் பொழிவதை விளக்கும் கோட்பாட்டை 1937-இல் வால்டர் ஹைட்லருடன் இணைந்து வெளியிட்டார்.

திரும்பிச் செல்லாத விடுமுறை

1939-ஆம் ஆண்டு விடுமுறைக்காக இந்தியா வந்திருந்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. இங்கிலாந்து திரும்பும் வழி அடைபட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், சர் சி.வி. ராமன் தலைமை வகித்த இயற்பியல் துறையில் பணியில் சேர்ந்தார். அங்கே காஸ்மிக் கதிர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். 1941-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வு செய்யப்பட்டபோது அவருக்கு வயது 31.

போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜ் திரும்புவதே அவரது தொடக்க கால எண்ணமாக இருந்தது. பெங்களூரு ஆண்டுகள் அதை மாற்றின. திறமை மிக்க இளைஞர்கள் இங்கு இருந்தும், அவர்களுக்கேற்ற ஆய்வுக்கூடமும் சூழலும் இல்லாததைக் கண்டார். 1944-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் தேதி, சர் தொராப்ஜி டாடா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். அடிப்படை இயற்பியலுக்கென முதல்தர ஆய்வு நிறுவனம் ஒன்றை அமைக்க நிதியுதவி கோரிய அந்தக் கடிதம், இந்திய அறிவியல் வரலாற்றின் முக்கிய ஆவணங்களுள் ஒன்று. அணுசக்தி மின் உற்பத்திக்குப் பயன்படும் காலம் வரும்போது, வல்லுநர்களை அயல்நாடுகளில் தேட வேண்டிய நிலை இந்தியாவுக்கு இருக்கக் கூடாது என்பதை அதில் அவர் வலியுறுத்தியிருந்தார். ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசப்படுவதற்கு ஓராண்டுக்கும் மேற்பட்ட காலத்துக்கு முன் எழுதப்பட்ட கடிதம் அது.

அதன் பயனாக 1945-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூருவில் தொடங்கப்பெற்று, அதே ஆண்டு பம்பாய்க்கு மாறியது. அவரது குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு பங்களாவே அதன் முதல் பம்பாய் முகவரி. முதலில் மனிதர்கள், பிறகு கட்டடங்கள், அதன் பிறகே பெருந்திட்டங்கள் என்ற வரிசை அவரது பணி முறையாக இறுதிவரை தொடர்ந்தது.

மணலில் கிடந்த எரிபொருள்

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில் அணுசக்திச் சட்டம் நிறைவேறியது. 1948 ஆகஸ்டில் அமைக்கப்பட்ட அணுசக்தி ஆணையத்தின் தலைவராகப் பாபா பொறுப்பேற்றார். சாந்தி ஸ்வரூப் பட்நாகரும், தமிழகத்தின் வத்திராயிருப்பைச் சேர்ந்த இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணனும் மற்ற இரு உறுப்பினர்கள். 1954-இல் தனி அணுசக்தித் துறை உருவானபோது அதன் செயலாளராகவும் பாபா பணியாற்றினார். அத்துறை பிரதமர் ஜவாஹர்லால் நேருவின் நேரடிப் பொறுப்பில் இருந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு எதிர்ப்பும் இருந்தது. ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகங்களிலிருந்து பிரித்துத் தனி நிறுவனங்களில் குவிப்பதையும், சட்டத்தின் ரகசியக் காப்பு விதிகளையும் வானியற்பியலாளர் மேகநாத் சாஹா விமர்சித்தார். நாடாளுமன்ற உறுப்பினர் என்ற முறையில் அவர் எழுப்பிய கேள்விகள், அணுசக்தித் துறை பற்றிய விவாதங்களில் பிற்காலத்திலும் ஒலித்தன.

பாபா எதிர்கொண்ட முதல் சிக்கல் எரிபொருள். இந்தியாவில் யுரேனியம் குறைவு. ஆனால் கேரளத்திலும் தமிழகத்தின் மணவாளக்குறிச்சி போன்ற கடலோரப் பகுதிகளிலும் கிடைக்கும் மோனசைட் மணலில் தோரியம் மிகுதியாக உண்டு. தோரியம் தானாக அணுப்பிளவுக்கு உட்படுவதில்லை. அணு உலைக்குள் நியூட்ரான்களை ஏற்று யுரேனியம்-233 ஆக மாறிய பின்னரே அது எரிபொருளாகும். இந்த இயல்பைக் கணக்கில் கொண்டு 1954-இல் மூன்று கட்டத் திட்டம் ஒன்றைப் பாபா முன்வைத்தார். முதல் கட்டத்தில் இயற்கை யுரேனிய உலைகள் மின்சாரத்தையும் புளூட்டோனியத்தையும் தரும். இரண்டாம் கட்டத்தில் அந்தப் புளூட்டோனியத்தைக் கொண்டு வேக ஈனுலைகள் இயங்கி, தாம் செலவிடுவதைவிட அதிக எரிபொருளை உருவாக்கும். மூன்றாம் கட்டத்தில் தோரியம் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வரும்.

கையிலுள்ள வளத்திலிருந்து தொடங்கி அதற்கேற்ற தொழில்நுட்பத்தைத் தேடுவதே இத்திட்டத்தின் சாரம். செறிவூட்டிய யுரேனியத்தை அயல்நாடுகளிடமிருந்து வாங்கி உலைகளை இயக்குவது எளிது. ஆனால் விற்பவர் மறுக்கும் நாளில் உலை நின்றுவிடும். அதைத் தவிர்க்கவே நீண்ட பாதையை அவர் தேர்ந்தெடுத்தார்.

நங்கலில் பிரிந்த ஹைட்ரஜன்

அந்தப் பாதையில் குறுக்கிட்ட முதல் தேவை கனநீர். இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுறும் யுரேனியம்-235 சுமார் 0.7 சதவீதமே உள்ளது. இவ்வளவு குறைந்த அளவைக் கொண்டு உலையை இயக்க வேண்டுமானால், நியூட்ரான்களை அதிகம் விழுங்காமல் அவற்றின் வேகத்தை மட்டும் குறைக்கும் பொருள் தேவை. கனநீர் அத்தகையது. ஹைட்ரஜனின் கனமான வகையான டியூட்டீரியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்தது அது. சாதாரண நீரில் ஏறத்தாழ 6,500 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்றே டியூட்டீரியம் என்பதால், அதைப் பிரித்தெடுப்பது பெரும் செலவு பிடிக்கும் வேலை.

இதற்கான தீர்வு பஞ்சாபின் நங்கலில் கிடைத்தது. பக்ரா-நங்கல் திட்டத்தின் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை மின்னாற்பகுத்து ஹைட்ரஜன் பிரித்து, அதிலிருந்து அம்மோனியாவும் உரமும் தயாரிக்கும் ஆலை அங்கு அமைக்கப்பட்டது. நீரை மின்னாற்பகுக்கும்போது இலேசான ஹைட்ரஜன் முதலில் வெளியேறும். கனமான ஹைட்ரஜன் எஞ்சிய நீரில் சிறிது சிறிதாகச் சேரும். இந்த இயல்பைப் பயன்படுத்தி, டியூட்டீரியம் செறிந்த ஹைட்ரஜனைக் கடுங்குளிரில் திரவமாக்கி வடித்துக் கனநீர் பெறும் பிரிவு உர ஆலையுடன் இணைக்கப்பட்டது. ஆண்டுக்கு 14 டன் திறன் கொண்ட இந்தியாவின் அந்த முதல் கனநீர் ஆலை 1962-இல் இயங்கத் தொடங்கியது.

உழவருக்கு உரமும், உலைக்குக் கனநீரும் ஒரே ஹைட்ரஜன் ஓட்டத்திலிருந்து கிடைத்தன. படிம எரிபொருளை நாடாமல், அணைமின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் தயாரிப்பதை இன்று பசுமை ஹைட்ரஜன் என்கிறோம். அந்தப் பெயர் புழக்கத்துக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நங்கலில் அது பெரிய அளவில் நடைபெற்றது. மலிவான மின்சாரத்துக்குப் போட்டி பெருகி, எண்ணெயிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பது சிக்கனமான வழியாகத் தோன்றிய காலத்தில் உரத் தொழில் அந்தத் திசையில் திரும்பியது. நங்கல் ஆலையும் அதற்கு விலக்காகவில்லை. கனநீர்ப் பிரிவும் பின்னாளில் மூடப்பட்டது.

டிராம்பேயில் எழுந்த உலைகள்

நங்கல் ஆலை உருப்பெற்ற அதே காலத்தில் பம்பாயின் புறநகரான டிராம்பேயில் அணுசக்தி நிறுவனம் வளர்ந்துவந்தது. இந்தியப் பொறியாளர்கள் வடிவமைத்துக் கட்டிய அப்சரா ஆய்வு உலை, 1956 ஆகஸ்ட் 4-ஆம் தேதி இயங்கத் தொடங்கியது. எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. கனடாவின் உதவியுடன் கட்டப்பட்ட சைரஸ் உலை 1960-இல் இயங்கத் தொடங்கியது. அதற்கான கனநீரை அமெரிக்கா வழங்கியது. நங்கலில் சொந்தக் கனநீர் ஆலை ஏன் இன்றியமையாததாக இருந்தது என்பதை இதுவே விளக்கும். 1957-இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் வழியே ஆண்டுதோறும் இளம் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் துறைக்குள் வந்தனர். பயன்படுத்திய எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை 1964-இல் செயல்பாட்டுக்கு வந்தது.

பொறியியல் ஒருபுறமிருக்க, கலையும் அவர் வாழ்வில் இடம்பெற்றிருந்தது. அவர் ஓவியம் தீட்டினார், மேற்கத்திய செவ்வியல் இசையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார், மணம் புரிந்துகொள்ளவில்லை. டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் சுவர்களுக்காக அக்கால இந்திய ஓவியர்களின் படைப்புகளை வாங்கிச் சேர்த்தார். கட்டுமானத்துக்கு இடையூறாக இருந்த மரங்களை வெட்டாமல் வேருடன் பெயர்த்து வேறிடத்தில் நடச் செய்தார்.

ஜெனீவாவில் சொன்ன கணிப்பு

அணுசக்தியின் அமைதிப் பயன்பாடு குறித்த ஐக்கிய நாடுகள் சபையின் முதல் மாநாடு 1955 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடைபெற்றது. 70-க்கும் மேற்பட்ட நாடுகள் பங்கேற்ற அந்த மாநாட்டுக்கு 45 வயதான பாபா தலைமை தாங்கினார். தமது தலைமையுரையில் மனித வரலாற்றை எரிசக்தியின் வரலாறாகவே அவர் எடுத்துரைத்தார். வளர்ந்த நாடுகளின் அளவுக்கு உலக மக்கள் அனைவரும் எரிசக்தியைப் பயன்படுத்தத் தொடங்கினால் நிலக்கரியும் எண்ணெயும் நெடுங்காலம் தாங்காது என்பது அவரது வாதம். விறகையும் சாணத்தையும் நம்பி வாழும் மக்களைப் பெருமளவில் கொண்ட நாட்டின் பிரதிநிதி முன்வைத்த கணக்கு என்பதால் அதற்குத் தனி எடை இருந்தது.

அந்த உரையின் இன்னொரு பகுதி உலகச் செய்தியாயிற்று. ஹைட்ரஜன் வகைகளின் அணுக்கருக்களை இணைத்து ஆற்றலைக் கட்டுப்பாட்டுடன் வெளிப்படுத்தும் வழி இரு பத்தாண்டுகளுக்குள் கண்டறியப்படும் என்று அவர் கணித்தார். அப்படி நேர்ந்தால் கடல் நீரிலுள்ள டியூட்டீரியமே மனித குலத்துக்கு வற்றாத எரிபொருளாகும். வல்லரசுகள் அணுக்கரு இணைவு ஆய்வை ரகசியமாக வைத்திருந்த காலத்தில், அதை ஒரு பொது மேடையில் பேசுபொருளாக்கினார் பாபா. ஆனால் கணிப்பு பலிக்கவில்லை. 70 ஆண்டுகள் கடந்த பின்னரும் இணைவு மின்நிலையம் எதுவும் உலகில் வணிக ரீதியில் இயங்கவில்லை.

அணுமின் உற்பத்தி குறித்த அவரது கால அட்டவணையும் இதே விதியைச் சந்தித்தது. 1987-ஆம் ஆண்டுக்குள் இந்தியாவின் அணுமின் திறன் 20,000 முதல் 25,000 மெகாவாட் வரை எட்டும் என்று 1960-களின் தொடக்கத்தில் அவர் மதிப்பிட்டார். அந்த ஆண்டில் நாட்டிடம் இருந்தது ஆயிரத்துச் சொச்சம் மெகாவாட் மட்டுமே. நிதிப் பற்றாக்குறை, கட்டுமானத் தாமதம், 1974 பொக்ரான் அணுச் சோதனைக்குப் பின் அயல்நாடுகள் ஒத்துழைப்பை நிறுத்தியது எனக் காரணங்கள் பல. கனடா விலகிய பின்னர் ராஜஸ்தானின் இரண்டாவது உலையை இந்தியப் பொறியாளர்களே முடிக்க வேண்டியிருந்தது. டிராம்பேயில் உருவாக்கப்பட்ட மனித வளம் அப்போதுதான் தனது பயனைக் காட்டியது. இலக்குகள் தவறின, ஆனால் அயல் உதவி நின்றபோதும் பணி நிற்கவில்லை.

மோன் பிளாங்க் மலையில் முடிந்த பயணம்

தாராப்பூரில் அமெரிக்க உதவியுடனும் ராஜஸ்தானில் கனடா உதவியுடனும் அணுமின் நிலையங்கள் அமைக்க 1963-இல் உடன்பாடுகள் ஏற்பட்டன. விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு 1962-இல் விக்ரம் சாராபாய் தலைமையில் அமைந்ததிலும், மறு ஆண்டு தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டதிலும் பாபாவின் ஆதரவு முக்கியப் பங்கு வகித்தது. 1964-இல் நேரு மறைந்தார். 1966 ஜனவரி 11-ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமானார்.

அடுத்த இரு வாரங்களுக்குள், 1966 ஜனவரி 24-ஆம் தேதி, சர்வதேச அணுசக்தி முகமையின் கூட்டத்துக்காக வியன்னா புறப்பட்ட பாபா பயணம் செய்த ஏர் இந்தியாவின் காஞ்சன்ஜங்கா போயிங் விமானம், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங்க் சிகரத்தருகே மோதி நொறுங்கியது. விமானத்தில் இருந்த 117 பேரும் உயிரிழந்தனர். விமானம் இருந்த இடம் குறித்து விமானிக்கும் தரைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் இடையே ஏற்பட்ட தவறான புரிதலே விபத்துக்குக் காரணம் என அதிகாரபூர்வ விசாரணை கூறியது. இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்றதும் அதே நாளில்தான். 56 வயதில் மறைந்த பாபா, தாம் திட்டமிட்ட அணுமின் நிலையங்களில் ஒன்று கூட மின்சாரம் வழங்குவதைக் காணவில்லை. தாராப்பூர் நிலையம் 1969-இல்தான் இயங்கியது. டிராம்பே நிறுவனம் 1967 ஜனவரியில் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் மாற்றப்பட்டது.

இன்றைய ஹைட்ரஜன் தேவை

இந்தியா ஆண்டுதோறும் 50 லட்சம் டன்னுக்கும் அதிகமான ஹைட்ரஜனைப் பயன்படுத்துகிறது. பெரும்பகுதி உர ஆலைகளுக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் செல்கிறது. இது பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராகிறது. அந்த எரிவாயுவில் கணிசமான பங்கு இறக்குமதி. ஒரு கிலோ ஹைட்ரஜன் தயாரிக்கையில் ஏறத்தாழ 9 முதல் 10 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. யுரேனியம் குறித்து பாபா எழுப்பிய கேள்வி, இப்போது எரிவாயுவைப் பற்றி எழுகிறது. அயல்நாட்டிலிருந்து வரும் எரிவாயு தடைபட்டாலோ விலை உயர்ந்தாலோ உர விலையும், அதன் வழியே உணவு விலையும் பாதிக்கப்படும்.

2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கம், 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தியை இலக்காகக் கொண்டது. இதற்கான ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். இந்த இயக்கம் சூரிய ஒளி, காற்று போன்ற புதுப்பிக்கத்தக்க ஆற்றலை மையமாகக் கொண்டது. அணுமின்சாரத்தால் கிடைக்கும் ஹைட்ரஜனும் கரியமில வாயுவை மிகக் குறைவாகவே வெளியிடும். சூரியன் மறைந்த பிறகும் காற்று நின்ற பிறகும் அணு உலை தொடர்ந்து இயங்கும் என்பதால், மின்னாற்பகுப்புக் கருவிகளை நாள் முழுதும் பயன்படுத்த முடியும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள நைன் மைல் பாயிண்ட் அணுமின் நிலையத்தில் 2023-இல் இவ்வகை உற்பத்தி சிறிய அளவில் தொடங்கியது.

ஆனால் மின்சாரத்தை மட்டும் நம்புவதில் ஓர் எல்லை உண்டு. ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரிக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் தேவை. 2024-25 நிதியாண்டில் நாட்டின் அணுமின் நிலையங்கள் அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 5,600 கோடி யூனிட் மின்சாரத்தை உற்பத்தி செய்தன. அதில் ஒரு யூனிட் கூட வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் தராமல் முழுவதையும் ஹைட்ரஜனுக்கே செலவிட்டாலும் கிடைப்பது சுமார் 10 முதல் 11 லட்சம் டன். இன்றைய தேவையில் இது ஐந்தில் ஒரு பங்கு அளவே.

வெப்பத்தால் பிரியும் தண்ணீர்

அணு உலையில் உருவாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாக மாறுகிறது. வெப்பத்தை மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தால் நீரைப் பிரிப்பதற்குப் பதிலாக, வெப்பத்தையே நேரடியாகப் பயன்படுத்த முடிந்தால் இழப்பு குறையும். இந்த நோக்கில்தான் பாபா அணு ஆராய்ச்சி மையம் இரு வேதிச் சுழற்சிகளை ஆராய்ந்து வருகிறது.

முதலாவது அயோடின்-கந்தகச் சுழற்சி. அயோடினும் கந்தக டை ஆக்ஸைடும் தண்ணீருடன் வினைபுரிந்து இரு அமிலங்களை உருவாக்குகின்றன. ஓர் அமிலத்தைச் சூடாக்கினால் ஹைட்ரஜனும், மற்றதைச் சுமார் 850 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் ஆக்ஸிஜனும் கிடைக்கும். அயோடினும் கந்தகச் சேர்மமும் தொடக்கத்துக்கே திரும்பிவிடுவதால் செலவாவது தண்ணீரும் வெப்பமும் மட்டுமே. இரண்டாவது தாமிர-குளோரின் சுழற்சி. இதற்குச் சுமார் 500 முதல் 550 டிகிரி போதும். சிறிதளவு மின்சாரமும் தேவை.

நாட்டில் இன்று இயங்கும் கனநீர் உலைகளின் குளிர்விப்பு நீர் சுமார் 300 டிகிரியை மட்டுமே எட்டும். எனவே இச்சுழற்சிகளுக்குத் தனி வகை உயர்வெப்ப உலை தேவை. தோரியத்திலிருந்து பெறும் யுரேனியம்-233 எரிபொருளில் இயங்கி, உருகிய உலோகக் கலவையால் குளிர்விக்கப்படும் சிறிய உயர்வெப்ப உலை ஒன்றைப் பாபா மையம் ஏற்கெனவே வடிவமைத்துள்ளது. ஹைட்ரஜன் உற்பத்திக்கெனவே 5 மெகாவாட் வெப்பத் திறனுள்ள வாயுக் குளிர்விப்பு உயர்வெப்ப உலையை உருவாக்கும் பணியும் மேற்கொள்ளப்பட்டுள்ளதாக மத்திய அரசு தெரிவித்துள்ளது. தாமிர-குளோரின் சுழற்சியுடன் அதை இணைப்பது நோக்கம். ஜப்பானின் ஓராய் நகரில் உள்ள இத்தகைய ஆய்வு உலை 2004-இல் 950 டிகிரியை எட்டியது.

தடைகளும் சிறியவை அல்ல. கொதிக்கும் அமிலங்கள் உலோகக் குழாய்களை அரிக்கின்றன. ஆண்டுக் கணக்கில் தாக்குப்பிடிக்கும் உலோகக் கலவைகளும் பீங்கான் பொருள்களும் தேவை. உலையும் வேதி ஆலையும் அருகருகே அமையும்போது ஹைட்ரஜன் கசிவு உலையைப் பாதிக்காதவாறு பாதுகாப்பு இடைவெளிகளை வகுக்க வேண்டும். கதிரியக்கப் பொருள்கள் ஹைட்ரஜனுடன் கலந்துவிடாமல் வெப்பப் பரிமாற்றிகள் தடுக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் பிறகும் விலை, எரிவாயு வழிக்கு ஈடாக வர வேண்டும்.

இலக்குகளும் பாடமும்

2047-க்குள் அணுமின் திறனை 1,00,000 மெகாவாட்டாக உயர்த்தும் இலக்கை மத்திய அரசு 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. சிறிய அணு உலைகளின் ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் 20,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இன்றைய திறன் ஏறத்தாழ 8,800 மெகாவாட். ஹைட்ரஜனுக்கும் அணுமின்சாரத்துக்கும் அறிவிக்கப்படும் இத்தகைய இலக்குகளைப் பார்க்கும்போது, பாபாவின் வாழ்க்கை இரு பாடங்களையும் சேர்த்தே தருகிறது.

அவர் குறித்த ஆண்டுகள் பெரும்பாலும் பொய்த்தன. இணைவு ஆற்றல் 1975-க்குள் வரவில்லை. 25,000 மெகாவாட் 1987-க்குள் வரவில்லை. தோரியத்தை முழுமையாகப் பயன்படுத்தும் மூன்றாம் கட்டம் இன்னும் எட்டப்படவில்லை. தேதிகளை நம்பி நாட்டின் உரத் தேவையையோ மின் தேவையையோ திட்டமிட இயலாது என்பது ஒரு பாடம்.

அதே சமயம் அவர் அமைத்த அடித்தளம் பொய்க்கவில்லை. நங்கலில் 14 டன் ஆலையுடன் தொடங்கிய கனநீர்த் தொழில் வளர்ந்து, இன்று இந்தியா கனநீரை ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் ஒன்றாக உள்ளது. 1957-இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் வழி வந்த தலைமுறைகளே அமிலத்தைத் தாங்கும் குழாய்களையும் உயர்வெப்ப எரிபொருளையும் இன்று சோதித்துப் பார்க்கின்றன. அணு உலையிலிருந்து வரும் ஹைட்ரஜன் உர ஆலையை எந்த ஆண்டில் எட்டும் என்பதை அந்தச் சோதனைகளின் முடிவுகளே தீர்மானிக்கும்.